உலையில் குறையும் ஒரு பிடி

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் ஐலன்பர்க் என்று ஒரு சிறிய மதில் நகரம். மார்ட்டின் ரிங்கார்ட் அங்கே பிறந்தவர். 1617-இல் அந்த ஊருக்கே குருவாகத் திரும்பி வந்தார். மறு வருடம் முப்பதாண்டுப் போர் மூண்டது. மதில் உள்ள ஊர் என்பதால் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அதற்குள் வந்து அடைந்தார்கள். படைகள் வந்தன, பஞ்சம் வந்தது, 1637-இல் கொள்ளைநோய் வந்தது. மற்றக் குருமார் இறந்தார்கள், அல்லது ஊரை விட்டுப் போனார்கள். அடக்க ஆராதனை நடத்த ரிங்கார்ட் ஒருவர்தான் மிஞ்சினார். சில நாட்களில் 40, 50 பேரை அடக்கம் பண்ண வேண்டியிருந்தது. அந்த ஒரு வருடத்தில் அவர் மண்ணில் இறக்கியவர்கள் 4,000-க்கு மேல். அவருடைய மனைவியும் அவர்களில் ஒருவர்.

இவர் எழுதிய ‘நூன் டாங்கெட் அல்லெ கோட்’ இன்றைக்கும் உலகமெங்கும் சபைகள் நன்றி ஆராதனைகளில் பாடுகிற பாட்டு. பிணக்குவியலின் நடுவே அது பிறந்தது என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். கேட்க உருக்கமாக இருக்கும். ஆராய்ந்தவர்கள் சொல்வது வேறு. கொள்ளைநோய்க்கு முந்தியே, 1636-ஐ ஒட்டி வந்த அவருடைய ஜெபப் புத்தகத்தில் அந்தப் பாட்டு இடம்பெற்றுவிட்டது. அதுவும் சாப்பாட்டு ஜெபமாக. பிள்ளைகள் உண்டு முடித்ததும் எழுந்து ஓடுவதற்கு முன் சொல்லட்டும் என்று ஒரு தகப்பன் எழுதிக் கொடுத்த சின்ன ஜெபம் அது.

எனக்கு இந்த இரண்டாவது கதைதான் பெரியதாகப் படுகிறது. சவக்குழியின் ஓரத்தில் நின்று ஒருவர் நன்றிப் பாட்டு எழுதினார் என்றால் அவரை மகான் என்று கும்பிட்டுவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். அது நம்மால் ஆகிற காரியமில்லை. ஆனால் கஞ்சியும் ரொட்டியும் கிடைத்த சாதாரண நாட்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நன்றி சொல்லிப் பழகிய ஒரு குடும்பம், மேஜையைச் சுற்றி ஆட்கள் குறைந்துபோன பிறகும் அதே வார்த்தைகளைச் சொன்னது என்றால், அது நம் வீட்டிலும் நடக்கக்கூடிய காரியம். நன்றி முதலில் வந்தது. கொள்ளைநோய் பிறகு வந்தது. வரிசை அப்படி இருந்ததால்தான் அந்த வீடு தாங்கியது என்று நினைக்கிறேன்.

தானியேலின் கதையிலும் இதே வரிசைதான். ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் முப்பது நாளைக்கு விண்ணப்பம் பண்ணக்கூடாது, மீறினால் சிங்கக் கெபி என்று கட்டளை பிறக்கிறது. அது கையெழுத்தானது தெரிந்த பிறகே தானியேல் தன் வீட்டுக்குப் போகிறான். மேலறையின் ஜன்னல்கள் எருசலேமை நோக்கித் திறந்திருக்கின்றன. முழங்காற்படியிட்டு ஜெபம் பண்ணித் தேவனுக்கு நன்றி செலுத்துகிறான். சிறுவயதில் இந்தக் கதையைக் கேட்டபோது நமக்கெல்லாம் கண்ணுக்கு முன் நின்றவை சிங்கங்கள்தான். இப்போது வாசிக்கையில் என் கண் வேறோர் இடத்தில் நிற்கிறது. முன்பு செய்துவந்தபடியே அன்றைக்கும் மூன்று வேளை அவன் அதைச் செய்தான் என்று வேதம் ஒரு குறிப்பு வைக்கிறது. அந்த நாளுக்கென்று அவன் தனியாகத் துணிச்சல் எதையும் வரவழைத்துக்கொள்ளவில்லை. ஜன்னலும் இருந்தது, நேரமும் இருந்தது, முழங்காலுக்கும் அந்தத் தரை பழகியிருந்தது. உயிர் போகும் என்று தெரிந்த நாளில் அவன் வாயில் வந்தது விடுதலைக்கான மன்றாட்டு மட்டுமல்ல, நன்றியும்தான். பழகாத வாயில் அது அன்றைக்கு வந்திருக்காது.

பழக்கத்தால் செய்கிற ஜெபம் உதட்டோடு நின்றுவிடும், மனதில் பொங்கி வருவதுதான் மெய்யான ஜெபம் என்று நம்மில் பலர் நம்புகிறோம். எழுப்புதல் கூட்டங்களில் வளர்ந்த தலைமுறைக்கு இந்த எண்ணம் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதில் ஒரு நியாயமும் உண்டு. வீணாய் வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்ற பொருளில் இயேசுவே எச்சரித்திருக்கிறார். ஆனால் அதே இயேசு வளர்ந்த யூத வீட்டில் அப்பத்தைப் பிட்குமுன் ஒரு ஸ்தோத்திரம், உண்டு முடித்ததும் ஒரு ஸ்தோத்திரம் என்று அன்றாடம் வகுத்து வைத்திருந்தார்கள். அவர் அவற்றைத் தள்ளிவிடவில்லை. வனாந்தரத்தில் ஐந்து அப்பங்களைக் கையில் எடுத்தபோது நன்றி சொன்னார். காட்டிக்கொடுக்கப்பட்ட இராத்திரியிலும் அப்பத்தை எடுத்து, முதலில் நன்றிதான் சொன்னார். அந்த அறையில் யூதாசும் இருந்தான். விடிவதற்குள் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். அப்படியும் அப்பத்துக்குரிய நன்றியை அவர் குறைக்கவில்லை. உலகமெங்கும் திருவிருந்து மேஜையில் குருமார் நினைவுகூருவது அந்த இராத்திரியில் சொல்லப்பட்ட சாப்பாட்டு ஜெபத்தையும் சேர்த்துத்தான்.

ஆதிச் சபையும் இதை மனம்போல் விட்டுவிடவில்லை. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ அடுத்ததன் தொடக்கத்திலோ எழுந்த ‘டிடாக்கே’ என்ற சின்னக் கையேடு, கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று தரம் சொல்லும்படி விசுவாசிகளுக்குச் சொல்கிறது. உனக்குத் தோன்றும்போது சொல் என்று சொல்லவில்லை. கத்தோலிக்கச் சகோதரர்களின் மூவேளைச் செபமும், துறவு மடங்களின் மணி நேர ஜெபங்களும் இந்த வழியில் வந்தவைதான். இக்னேஷியஸ் லொயோலா தம் ஆன்மப் பயிற்சியில் அன்றாட ஆத்தும சோதனைக்கு வகுத்த முதல் படி நன்றி. பாவத்தை எண்ணிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த ஒழுங்கை நான் மிகவும் மதிக்கிறேன். நாள் முழுக்க என்ன தப்புச் செய்தோம் என்று தொடங்கினால் மனம் தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும். என்ன பெற்றோம் என்று தொடங்கினால் கொடுத்தவர் பக்கம் திரும்பிவிடும். அவர் முகத்துக்கு எதிரே நிற்கும்போது குற்றமும் தானாகத் தெரிந்துவிடும்.

நெல்லைச் சீமையில் மிஷனெரிமார் காலத்தில் வளர்ந்த ஊர்களில் — முதலூர், மெய்ஞ்ஞானபுரம், நாசரேத், இடையன்குடி — காலையும் மாலையும் கோயில் மணி அடிக்கும். உபதேசியார் ஜெபம் நடத்துவார். பதனீர்க் காலத்தில் பனையேறுகிறவர்களுக்கு விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் மரத்தில் வேலை இருக்கும். மணி கேட்டதும் கோயிலுக்கு வர முடிந்தவர்கள் வருவார்கள். வர முடியாதவர்கள் இருந்த இடத்தில் ஒரு நிமிஷம் கையை நிறுத்திவிட்டுத் தொடர்வார்கள். கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு அந்த மணிதான் நேரம் சொன்னது. வேலைக்கும் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே அது ஒரு வழி உண்டாக்கி வைத்திருந்தது.

மணி நின்றபிறகு மிஞ்சியது குடும்ப ஜெபம். தெற்கத்திச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இராச்சாப்பாடு முடிந்து, ஆச்சி பானைகளை மூடி வைத்துவிட்டு வந்து பாயை விரிப்பாள். முதலில் ஒரு கீர்த்தனை. பிறகு ஒரு அதிகாரம், ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வரும். எழுத்துக்கூட்டி வாசிக்கிற குட்டிக்கும் ஒரு வசனம் உண்டு. அதன்பின் எல்லாரும் முழங்காலில் நிற்க, தாத்தா ஜெபம் பண்ணுவார். அவர் ஜெபத்துக்கு ஒரு வரிசை இருந்தது, அது மாறவே மாறாது. முதலில் மழை. மழை பெய்யாத வருடங்களில் கிணற்றில் ஊறுகிற தண்ணீர். அடுத்து, அன்றைக்கு மரம் ஏறினவர்கள் கைகால் முறியாமல் இறங்கி வந்தது. அடுத்து வீட்டிலுள்ளவர்கள், வயது வரிசைப்படி. எங்கள் பெயர் எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியும்; அது வரைக்கும் தூங்காமல் இருப்போம். பிறகு பம்பாயில் வேலை பார்த்த பெரியப்பா. பிறகு தெருவில் படுக்கையில் கிடப்பவர்கள். அந்தப் பட்டியலில் வரப்புத் தகராறில் எங்கள் மேல் வழக்குப் போட்டிருந்த பக்கத்து வயல்காரர் பெயரும் வரும். அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். வழக்கு நடந்த காலம் முழுக்க அந்தப் பெயர் ஒரு நாளும் விடுபட்டதில்லை.

பம்பாயிலிருந்து தந்தி வந்த நாளும் ஒன்று உண்டு. வீடு நிறைய ஆட்கள் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். அன்று இரவும் ஆச்சி பாயை விரித்தாள். கீர்த்தனை பாட யாருக்கும் தொண்டை வரவில்லை, அது மட்டும் நடக்கவில்லை. தாத்தா வழக்கம்போல் கிணற்றுத் தண்ணீருக்கு நன்றி சொன்னார். மரத்திலிருந்து இறங்கி வந்தவர்களுக்கு நன்றி சொன்னார். எங்கள் பெயர்களைச் சொன்னார். பெரியப்பாவின் பெயர் வருகிற இடத்தில் நின்றுவிட்டார். வெகுநேரம் பேச்சில்லை. கடைசியில் ஆச்சிதான் அந்தப் பெயரைச் சொல்லி, அவனை இத்தனை வருஷம் தந்தீரே என்று சொல்லி, படுக்கையில் கிடந்த அடுத்த வீட்டுக்காரி பெயருக்குப் போனாள்.

அவர்கள் இருவருக்கும் அன்று நன்றியுணர்ச்சி இருந்திருக்க முடியாது. இருந்தது வரிசை. உணர்ச்சி அற்றுப்போன இடத்தில் வரிசை அவர்களை ஏந்திக்கொண்டு போயிற்று. தினந்தோறும் சொன்ன வார்த்தைகள் அன்றைக்கு வெறும் உதட்டு வார்த்தைகளாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த உதடுகள் மூடிக்கொள்ளவில்லை என்பதே எனக்குப் போதும். நாஜிகளின் காலத்து ஜெர்மனியில் டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற குரு, பிங்கன்வால்டெயில் தாம் நடத்திய இறையியல் பள்ளியில் மாணவர்களோடு காலை மாலை சங்கீதங்களை வாசித்துப் பழகியவர். 1937-இல் அந்தப் பள்ளியை கெஸ்டபோ மூடிவிட்டது. 1943 ஏப்ரலில் அவரைக் கைது செய்து டேகெல் சிறையில் அடைத்தார்கள். அங்கே அறைக்குள் தனியாக அதே சங்கீத வாசிப்பைத் தொடர்ந்தார். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு உடன் கைதிகளுக்கென்று காலை ஜெபமும் மாலை ஜெபமும் எழுதிக் கொடுத்தார். சொந்தமாக ஜெபிக்க வார்த்தை அற்றுப்போன மனிதர்களுக்கு வேறொருவருடைய வார்த்தைகள் தேவைப்படும் என்பது சிறையில் இருந்தவருக்குத் தெரிந்திருந்தது. எழுதி வைத்த ஜெபத்தை மட்டமாகப் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதைச் சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நன்றி ஜெபம் கெட்டுப்போகக்கூடியது. இயேசு சொன்ன உவமையில் ஆலயத்துக்கு வந்த பரிசேயன் தன் ஜெபத்தைத் தொடங்குவதே நன்றியில்தான். தான் மற்றவர்களைப் போல் இல்லாததற்காக, குறிப்பாக அதோ நிற்கிற ஆயக்காரனைப் போல் இல்லாததற்காக, அவன் தேவனுக்கு நன்றி சொல்கிறான். வாரத்தில் இரண்டு நாள் உபவாசமும் தசமபாகமும் தவறாத மனிதன். பழக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனது மற்றவன். பக்கத்தில் நிற்பவனோடு ஒப்பிட்டுப் பிறக்கிற நன்றி ஆண்டவரிடம் போய்ச் சேராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

நம் சபைகளில் சாட்சி நேரம் என்று ஒன்று வைக்கிறோம். மகனுக்கு வேலை கிடைத்தது, மகளுக்கு வரன் அமைந்தது, வீடு கட்டி முடிந்தது, ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்து நன்றி சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் திரும்பி வந்தான். அந்த ஒருவனாக இருப்பது நல்லது. ஆனால் அதே பெஞ்சில், பல வருடமாகக் குழந்தைக்காகக் காத்திருக்கிற பெண்ணும் உட்கார்ந்திருக்கிறாள். எங்களை ஆண்டவர் கைவிடவில்லை என்று மைக்கில் ஒருவர் சொல்லும்போது, அப்படியானால் என்னை என்ற கேள்வி அவளுக்குள் எழாமல் இருக்குமா? 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் வந்தது. அடுத்த சில வாரங்கள், ஆண்டவர் எங்களை மட்டும் காப்பாற்றினார் என்ற சாட்சிகளைக் கேட்டேன். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. உயிர் தப்பியவனுக்கு நன்றி பொங்குவது இயல்பு. ஆனால் நாகையிலும் குமரிக் கரையிலும் பிள்ளைகளை வாரிக்கொடுத்த தாய்மாரும் ஜெபிக்கிறவர்கள்தான். அவர்கள் காதில் விழும்படி சொல்ல முடியாத நன்றியை ஆண்டவரிடம் மட்டும் எப்படிச் சொல்வது? தப்பியவன் சொல்ல வேண்டிய ஜெபம் வேறு என்று நினைக்கிறேன்: உயிரோடு வைத்திருக்கிறீர், யாரிடம் போக வேண்டும் என்று காட்டும். அந்த நாட்களில் சேறு மிதித்துப்போய்ச் சமைத்துக் கொடுத்தவர்களும் அடக்கம் பண்ணக் கைகொடுத்தவர்களும் அந்த ஜெபத்தைத்தான் பண்ணினார்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், இந்துக்கள் இருந்தார்கள், முஸ்லிம்கள் இருந்தார்கள்.

அழுகையை அடக்கிவிட்டு நன்றி சொல் என்று துக்க வீட்டில் போய் வசனம் சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். எதுவரைக்கும் என்று கேட்பதும், ஏன் மறந்தீர் என்று கேட்பதும் ஜெபம்தான். வேதம் அவற்றை வெட்டி எறியாமல் பாட்டுப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. அத்திமரம் துளிர்விடாமல், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் என்று ஆபகூக் சொல்கிற இடம் எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் அவன் தன் புத்தகத்தை ஆண்டவரோடு வழக்காடுவதில்தான் தொடங்குகிறான் என்பதை நாம் வாசிக்காமல் கடந்துவிடுகிறோம். வழக்காடி முடித்தவன் சொல்கிற நன்றிக்குத்தான் எடை உண்டு. தினமும் ஜெபிக்கிற பழக்கம் இதற்கும் இடம் கொடுக்கிறது: இன்று புலம்பினாலும் நாளை மறுபடி அதே பாயில் வந்து நிற்கப்போகிறோம் அல்லவா.

இப்போது நன்றிக் குறிப்பேடு எழுதச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மக்கல்லோ என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு அது பரவியது. பெற்ற நன்மைகளை எழுதி வந்தவர்கள், தொல்லைகளை எழுதி வந்தவர்களைவிட மனநிறைவோடு இருந்ததாக அவர்கள் கண்டார்கள். நல்லதுதான். தமிழ்ச் சபைகளில் ஆயிரம் ஸ்தோத்திரங்கள் அச்சிட்ட கைப்புத்தகங்களை வைத்துக்கொண்டு விடியற்காலையில் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கிற வயதான அம்மாமார்களையும் எனக்குத் தெரியும். சிலர் அதைக் குறைவாகப் பேசுவார்கள்; நான் பேச மாட்டேன். கண் மங்கி, காது மந்தமாகி, வீட்டில் யாரும் நின்று பேசாத வயதில், ஆண்டவருடைய குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அவரோடு பேசிக்கொண்டிருக்க அவர்களுக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. குறிப்பேடும் கைப்புத்தகமும் வேறுபடுகிற இடம் ஒன்றே. குறிப்பேட்டில் எழுதுகிறவர் பெற்றதை எண்ணுகிறார். அந்த அம்மா கொடுத்தவரை அழைக்கிறாள். எண்ணுவது நின்றுபோகிற நாளிலும் அழைப்பது நிற்காது.

ஆனாலும் சொல் மட்டும் போதாது. நன்றியைக் கைக்கும் பழக்க வேண்டும். இதை நம் பெண்கள் சபைக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று சொல்வேன். பிடி அரிசி என்றால் தெற்கே பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். உலையில் போட அரிசி அளந்து சுளகில் கொட்டி, கல் பொறுக்கி, கழுவப் போகுமுன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருக்கிற தகர டப்பாவில் போடுவது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் காணிக்கையோடு வைப்பது. ஆராதனை முடிந்ததும் முருங்கைக்காய், முட்டை, சேவல், முதல் குலை வாழை எல்லாவற்றோடும் சேர்ந்து அந்த அரிசியும் ஏலத்துக்கு வரும். ஆச்சி அந்தப் பிடியை மூட்டையிலிருந்து எடுக்க மாட்டாள். எல்லாருக்கும் என்று அளந்த அரிசியிலிருந்துதான் எடுப்பாள். எடுத்ததற்குப் பதிலாக மூட்டையிலிருந்து இன்னொரு பிடி போட்டு நிரப்பவும் மாட்டாள். அன்றைக்கு உலையில் ஒரு பிடி குறைவு. எங்கள் ஒவ்வொருவர் தட்டிலும் சில பருக்கைகள் குறைவு. வடித்த கஞ்சி கொஞ்சம் தெளிவாக இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த வீட்டில் சாப்பிட்டவர்கள் அத்தனை பேரும், கேட்காமலே, அந்தக் காணிக்கையில் பங்காளிகள். எடுக்கும்போது அவள் உதடு அசையும். என்ன சொன்னாள் என்று நாங்கள் கேட்டதில்லை. அடுப்பு பற்றவைப்பதுபோல் அது அன்றாட வேலை. அதற்கென்று தனி நேரமோ தனி மனநிலையோ அவளுக்குத் தேவைப்படவில்லை.

மிசோரத்தில் இந்த வழக்கத்துக்குப் பூஃபாய் தாம் என்று பெயர். 1910-இல் அங்கே சபைப் பெண்கள் தொடங்கினார்கள். கையில் காசு புழங்காத மலை வீடுகள். ஆண்டவருக்குக் கொடுக்கத் தங்களிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தபோது, சமைக்கிற அரிசி இருந்தது. ஒவ்வொரு வேளை சமையலுக்கும் ஒரு பிடி. வீடுவீடாகப் போய்ச் சேர்த்து, விற்று, அந்தப் பணத்தில் ஊழியர்களை அனுப்பினார்கள். இன்றைக்கு அந்தப் பிடி அரிசி அங்கே பிரெஸ்பிட்டீரியன் சபைக்கு வருடத்துக்குக் கோடி ரூபாய்க் கணக்கில் வந்து சேர்கிறது. நம் பக்கத்தில் 1903-இல் வி. எஸ். அசரியா முதலானவர்கள் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் இங்குள்ளவர்கள் கொடுப்பதை வைத்தே நடத்துவது என்று தீர்மானித்தார்கள். இங்குள்ளவர்கள் என்றால் யார்? பனங்காட்டு ஊர்களில் கருப்பட்டி காய்ச்சி வயிறு கழுவியவர்கள். தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கலுக்கு ஆட்களை அனுப்பியது அவர்களுடைய சில்லறைக் காணிக்கைகள்தான். 1912-இல் அதே அசரியா தோர்ணக்கலின் பிஷப்பாக, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப்பாக, அபிஷேகம் பெற்றார்.

உபாகமத்தில் முதற்கனிக் கூடையைக் கொண்டுவருகிறவன் ஆசாரியனுக்கு முன் நின்று தன் முன்னோரின் கதையைச் சொல்ல வேண்டும் என்றொரு கட்டளை உண்டு. நாடோடியாய் இருந்தோம், எகிப்தில் அடிமையாய் இருந்தோம், நீர் கொண்டுவந்தீர், இதோ இந்த நிலத்தின் பலன் என்று. கதை முடிந்ததும் லேவியனோடும் அந்நியனோடும் சேர்ந்து மகிழ வேண்டும். கூடை, கதை, அந்நியனோடு சாப்பாடு, மூன்றும் ஒரே செயல். நம் ஊர்களின் அசனப் பந்தியில் இது ஓரளவு மிஞ்சியிருக்கிறது. ஊரே ஒரே சோற்றையும் குழம்பையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்கிற நாள் அது. ஆனால் வருடத்துக்கு ஒரு நாள். மற்ற நாட்களுக்குப் பிடி அரிசி இருந்தது.

இன்று காணிக்கை கவரில் போகிறது, அல்லது கைப்பேசியில் ஒரு தட்டலில் போய்விடுகிறது. அதுவும் காணிக்கைதான். ஆனால் அதனால் அன்றைய உலை குறைவதில்லை. வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு அது கண்ணில் படுவதுமில்லை. குடும்ப ஜெபமும் பல வீடுகளில் நின்றுவிட்டது. ஒருவர் வேலை முடிந்து வரும்போது இன்னொருவர் கிளம்புகிறார், பிள்ளைகளுக்கு ட்யூஷன் முடிய ஒன்பது மணி ஆகிவிடுகிறது. காலையில் வாட்ஸப்பில் ஒரு வசனம் வருகிறது, ஆமென் என்று பதில் போடுகிறோம். பழைய ஒழுங்கை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்ல எனக்கு மனமில்லை. இந்த வாழ்க்கையின் நெருக்கடி எனக்கும் தெரியும். ஒரு அதிகாரம் வாசிக்க முடியாத வீட்டில் ஒரு வசனம் வாசிக்கலாம். எல்லாரும் சேர முடியாத வீட்டில் இருக்கிற இரண்டு பேர் சேரலாம். பெயர்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். வரிசையாகச் சொல்லுங்கள், பிடிக்காதவர் பெயரையும் சேர்த்து. நேரம் எதுவானாலும் அதை மாற்றாதீர்கள். மனம் வறண்டிருந்தால் வறண்ட மனதோடேயே சொல்லுங்கள்.

சபைகளுக்கு ஒரு விண்ணப்பம். நம் கோயில்களில் பீடத்துக்கு முன் அரிசிப் பெட்டியை மறுபடி வையுங்கள். அந்த அரிசியை ஏலம் போட்டுப் பணமாக்க வேண்டாம். அடுப்பு எரியாத வீடு ஒவ்வொரு தெருவிலும் ஒன்றாவது இருக்கிறது, ஜாதியும் மதமும் பாராமல் அந்த வாரமே அங்கே கொண்டுபோய்ச் சேருங்கள். வீடுகளில், பிடியை எடுக்கிற வேலையைச் சின்னப் பிள்ளையிடம் கொடுங்கள். அதன் கையளவுக்கு வருவது போதும்.